தூக்கு நிறையலை

எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. எண்ணெய்க்கென்றே வைத்தது. கழுத்துக்குக் கீழே ஒரு வளையம் தட்டியிருப்பார்கள். ஒரு லிட்டர் ஊற்றினால் சரியாக அந்த வளையத்தைத் தொட்டு நிற்கும். செட்டியார் கடையில் அளந்து ஊற்றிய காலத்திலும் அப்படித்தான், பாக்கெட் வந்த பிறகும் அப்படித்தான்.

போன மாதம் ஒரு பாக்கெட்டை வெட்டிக் கவிழ்த்தேன். வளையத்துக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. பாக்கெட்டை முறுக்கிப் பிழிந்தேன். சொட்டு கூட இல்லை. தூக்கு நெளிந்துவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் பாக்கெட்டை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூலையில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்ததைப் படித்தேன். 750 கிராம்.

ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை வரும். அப்படியானால் 160 கிராம் எங்கே? பாக்கெட் அதே உயரம், அதே அகலம், அதே மஞ்சள் பூ. எண்ணெய் மட்டும்தான் குறைவு. கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். "இப்ப எல்லாம் அப்படித்தான்ம்மா வருது. எண்ணூறு, எண்ணூத்தம்பது, எழுநூத்தம்பதுன்னு ஒவ்வொருத்தன் ஒரு அளவு போடுறான். விலை குறைஞ்ச மாதிரி தெரியும், சனம் எடுத்துட்டுப் போயிடும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் கோபம் வரவில்லை. அவரும் அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்.

கேளுங்கள், இது புதுசு இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் பாக்கெட்டில் இன்னொரு வரி இருக்கும். அளவு 1 லிட்டர், பக்கத்தில் ஒரு வெப்பநிலை, 60 டிகிரி என்று. எனக்கு அது ஏதோ டெக்னிக்கல் சமாச்சாரம் என்றுதான் தோன்றியது. விஷயம் என்ன தெரியுமா? சூடானால் எண்ணெய் விரியும். விரிந்த எண்ணெயை ஒரு லிட்டர் அளந்தால் எடை குறையும். சோயா எண்ணெயை 21 டிகிரியில் ஒரு லிட்டர் அளந்தால் 919 கிராம். 60 டிகிரியில் அளந்தால் 892.6 கிராம். எந்த வீட்டு அலமாரியில் எண்ணெய் 60 டிகிரியில் இருக்கிறது? சித்திரை மாத மதுரையிலும் அலமாரிக்குள் அந்தச் சூடு வராதே! 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாதே, எடையையும் சேர்த்துப் போடு என்று உத்தரவிட்டது. 2023 ஜனவரி 15 வரை அவகாசம். அந்த வரி போய்விட்டது. இப்போது 750 கிராம் வந்திருக்கிறது.

சூட்டைச் சொல்லிக் குறைத்த அந்த 26 கிராம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்குச் சமையல் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் போதும் என்கிறது. டீஸ்பூனில் ஆறு. ஆக பாக்கெட்டுக்குப் பாக்கெட் அவர்கள் சூட்டைச் சொல்லி எடுத்துக்கொண்டது ஒரு மனுஷனுடைய ஒரு நாள் பங்கு.

இந்த நிறுவனம் வேறெங்கோ பிறந்ததில்லை. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் நம்முடைய குன்னூரில், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஒற்றை அறையில் ஆரம்பித்ததுதான், 1958-ல் ஹைதராபாத் போனது. நூறு வருஷமாக நம் சாப்பாட்டைத்தான் ஆராய்கிறார்கள். ஆனால் அந்த 27 கிராம் என்கிற ஒரு எண் எந்த அடுப்படிக்காவது வந்து சேர்ந்ததா? என் அம்மாவுக்குத் தெரியாது. எனக்கே அப்பாவுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் தெரியும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் கணக்கு வருகிறது. எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் ஓடுகிறது. வெளியே தின்கிற வடையும் பஃப்ஸும் இந்தக் கணக்கிலேயே வராது.

சரி, எவ்வளவு என்பதை விடுங்கள். என்ன எண்ணெய் என்பதையாவது சொல்கிறார்களா?

பாக்கெட்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போடுகிறார்கள். பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கொலஸ்ட்ரால் என்பது விலங்குகளின் உடம்பு தயாரிக்கிற பொருள். மாட்டின் ஈரல் செய்யும், கோழி செய்யும், நம் ஈரலும் செய்யும். கடலைச் செடி செய்யாது, எள்ளுச் செடி செய்யாது, சூரியகாந்தி செய்யாது. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி கொலஸ்ட்ரால் கிடையாது. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லி, கூட இருபது ரூபாய் வாங்கினால் அது என்ன வியாபாரம்? அப்பா மாதிரி பயந்துபோன மனுஷன் அந்த இதயத்தைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார்.

அவர்கள் சொல்ல வேண்டியது வேறு. அதைத்தான் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளிக்கிறார்கள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், பார்த்திருப்பீர்கள். பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற நல்லெண்ணெய் உறையாது. ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அது அதோட குணம்டி" என்பாள் பாட்டி. பள்ளிக்கூடத்தில் கொழுப்பு பற்றி ரெண்டு மார்க் கேள்விக்கு 'ஒரு கிராம் ஒன்பது கலோரி ஆற்றல் தரும்' என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மாவுச்சத்தும் புரதமும் நாலு கலோரி, கொழுப்பு ஒன்பது. அதோடு பாடம் முடிந்தது. வீட்டு அலமாரியில் உறைந்து நின்ற பாட்டிலைக் காட்டி ஒருவரும் சொல்லித்தரவில்லை.

பாட்டி சொன்னது சரிதான், அது அதோட குணம். எந்தக் கொழுப்பும் அடிப்படையில் ஒரே அமைப்புதான். கிளிசரால் என்று ஒரு சின்னப் பிடி, அதில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். குணத்தை முடிவு செய்வது அந்தச் சங்கிலிகள். விளக்குமாறு கட்டியிருக்கிறீர்களா? நேரான ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் கல் மாதிரி இறுகும். கோணல்மாணல் சுள்ளிகளைக் கட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் இடைவெளி விழும். அவ்வளவுதான் விஷயம். சங்கிலியில் உள்ள கார்பன் எல்லாம் ஹைட்ரஜனால் நிரம்பியிருந்தால் அது நேர்க்குச்சி. நிறைவுற்ற கொழுப்பு. நெருங்கி அடுக்கும், உறையும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான், அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிறது. சங்கிலியின் நடுவில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு வளைவு விழும். கோணல் சுள்ளி. அடுக்காது, ஓடும். நல்லெண்ணெயில் பெரும்பகுதி இந்த வகை, நேர்க்குச்சி ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. கடலை எண்ணெயில் பாதிக்குப் பாதி ஒரே ஒரு வளைவு உள்ள ஓலிக் அமிலம். பாமாயிலில் நேர்க்குச்சி பாதி, சுள்ளி பாதி.

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது? ஒரு டீ குடிக்கிற நேரம். இதை ஏன் நமக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். இது தெரிந்திருந்தால் அந்தச் சிவப்பு இதயம் நம்மிடம் செல்லுமா?

தெரியாமல் இருந்ததால் என்னென்ன விற்றார்கள் பாருங்கள். 1902-ல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர், திரவ எண்ணெயில் நிக்கல் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்திக் கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கோணல் சுள்ளியை நிமிர்த்துகிற வேலை. அதுதான் 1937-ல் நம் நாட்டுக்கு டால்டாவாக வந்தது. மஞ்சள் டின், பச்சைப் பனைமரம். நெய் வாங்க முடியாத வீடுகளுக்கெல்லாம் அதுதான் நெய். அம்மா அந்த டின்னில் துளசிச் செடி வைத்திருந்தாள். ஆனால் பாதியில் நிறுத்துகிற இந்த ஹைட்ரஜன் வேலையில், இரட்டைப் பிணைப்பு போகாமல் முறுக்கித் திரும்பிக்கொண்ட சங்கிலிகளும் உண்டாகும். டிரான்ஸ் கொழுப்பு. இரட்டைப் பிணைப்பு இருந்தும் நேர்க்குச்சி மாதிரி நிற்கும். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதையும் இறக்கும். இரண்டு பக்கமும் அடி. இந்தியாவில் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் இதை 2021 ஜனவரியில் 3 சதவீதத்துக்கும் 2022 ஜனவரியில் 2 சதவீதத்துக்கும் இறக்கிச் சட்டம் போட்டார்கள். நல்லது, மனசார வரவேற்கிறேன். ஆனால் 1937-லிருந்து 2022 வரை எண்பத்தைந்து வருஷம். எத்தனை கல்யாணப் பந்தி, எத்தனை தீபாவளி லட்டு, எத்தனை பேக்கரி பிஸ்கட். எத்தனை பேருடைய அப்பா.

என் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசினார். "எண்ணெய், கொழுப்பு குறைச்சுக்கோங்க ஐயா." வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் 'குறைங்க' என்றது அப்பாவின் காதில் 'நிறுத்துங்க' என்று விழுந்தது. அன்றிலிருந்து இட்லிப்பொடிக்கு மோர் ஊற்றிக்கொள்கிறார். அறுபது வருஷம் பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்துத் தின்ற மனுஷன்! தோசைக்கு எண்ணெய் கிடையாது. முருங்கைக்கீரையைத் தண்ணீரில் வேகவைத்து அப்படியே தின்கிறார். தேங்காய் போடாதே, தாளிக்காதே.

அந்தக் கீரையில் என்ன இருக்கிறது? கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். ஆனால் அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கூடவே கொஞ்சம் கொழுப்பு போனால்தான் பித்தநீர் சுரந்து, அதைக் கரைத்துக் குடல் சுவர் வழியாக உள்ளே கொண்டுபோகும். ஏ, டி, ஈ, கே நாலு வைட்டமினுக்கும் இதுதான் வழி. கீரையில் ரெண்டு பத்தை தேங்காயைத் துருவிப் போட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டிய பாட்டிக்கு இந்த ரசாயனம் தெரியாது. கீரைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. அப்பா இப்போது கீரையைத் தின்கிறார், சத்தை விட்டுவிடுகிறார்.

பார்த்துப் பார்த்து ஆற்றாமையாக இருக்கிறது. உடம்பில் கொழுப்பு இல்லாமல் ஒரு செல் கிடையாது. ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருப்பது ஈரடுக்குக் கொழுப்புப் படலம். மூளையின் நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் கொழுப்பு. நரம்புகளுக்கு மேல் ஒயருக்கு ரப்பர் உறை மாதிரி சுற்றியிருப்பதும் அதுதான். சிறுநீரகத்தைச் சுற்றி மெத்தை கட்டியிருப்பது, தோலுக்கு அடியில் சூட்டைக் காப்பது, சாப்பிடாத நாளைக்கென்று சேமித்து வைப்பது எல்லாம் அதன் வேலை. அப்பா பெயரைச் சொல்லவே பயப்படுகிற கொலஸ்ட்ரால்கூட வேண்டியதுதான், அதிலிருந்துதான் பித்த அமிலம், சில ஹார்மோன்கள், வெயில் பட்டால் தோலில் உண்டாகிற வைட்டமின் டி எல்லாம். மிஞ்சினால்தான் வம்பு, இருந்தாலே வம்பு இல்லை.

கொழுப்பே வேண்டாம் என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும்தான் நினைத்தார்கள். மாவுச்சத்திலிருந்து உடம்பு கொழுப்பைச் செய்துகொள்ளுமே, தனியாக எதற்கு என்று. 1929-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி, எலிகளுக்குத் துளிகூடக் கொழுப்பில்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது. வால் புண்ணானது. வளர்ச்சி நின்றது. சில செத்துப்போயின. லினோலெயிக் அமிலம் உள்ள எண்ணெய் சில சொட்டு கொடுத்தவை தேறின. உடம்பால் செய்துகொள்ளவே முடியாத, சாப்பாட்டில் வந்தே தீர வேண்டிய கொழுப்பு உண்டு என்று அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த லினோலெயிக் அமிலம் நல்லெண்ணெயில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதைத்தான் அப்பா ஒதுக்கிவைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொள்கிறார்.

எண்ணெயை விட்டார், சரி. கொழுப்பை விட்டாரா? அதுதான் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு டீயோடு நாலு பிஸ்கட். பாக்கெட்டில் கோதுமைக் கதிர் படம், நார்ச்சத்து என்று கொட்டை எழுத்து. திருப்பிப் படித்துக் காட்டினேன். மாவு, சர்க்கரை, மூன்றாவதாகப் பாமாயில். "இது ஹெல்த் பிஸ்கட்டும்மா" என்கிறார். பேக்கரி பஃப்ஸ் வாரம் ஒன்று. "அதுல என்ன எண்ணெய் இருக்கு, சும்மா மாவுதானே." ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் கொழுப்பைத் தடவித் தேய்த்தால்தானே அது ஏடு ஏடாக எழும்பும்! கண்ணுக்குத் தெரிந்தால் எண்ணெய், தெரியாவிட்டால் இல்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கியது ஐஸ்கிரீம் என்று நினைத்தோம். டப்பாவைப் பார்த்தால் ஃப்ரோசன் டெசர்ட். பாலின் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு. இந்தியச் சட்டப்படி ஐஸ்கிரீம் என்று பெயர் வைக்க வேண்டுமானால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும். அதனால் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதே ஃப்ரீசர், அதே கோன், அதே குழந்தை.

எல்லாவற்றையும்விட எது மனசைச் சுடுகிறது தெரியுமா? மத்தி மீன். அப்பாவுக்கு உயிர். மாங்காய் போட்டு வைத்தால் ரெண்டு தட்டு சோறு இறங்கும். "அது எண்ணெய் மீன், வேண்டாம்" என்று மூன்று வருஷமாகத் தொடுவதில்லை. ஆனால் மெடிக்கலில் போய் மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் வாங்கி வருகிறார். ஒமேகா 3-யாம். அந்த ஒமேகா 3 எங்கே இருக்கிறது? மத்தியில், கானாங்கெளுத்தியில், நெத்திலியில். கடலில் பாசியில் உண்டாகி, அதைத் தின்கிற மீன் வழியாக நமக்கு வருவது. ஒமேகா என்றால் கிரேக்க நெடுங்கணக்கில் கடைசி எழுத்து. சங்கிலியின் வால் முனையிலிருந்து எண்ணினால் மூன்றாவது கார்பனில் வளைவு, அதனால் ஒமேகா 3. ஆறாவதில் என்றால் ஒமேகா 6. இதயத்துக்கும் மூளைக்கும் நல்லது என்று டப்பாவில் போட்டால் நம்புகிறார், மீன்காரம்மா கூடையில் கொண்டுவந்தால் பயப்படுகிறார். "மத்தியா? அது மலிவு மீனுங்கய்யா, நல்ல மீனே இருக்கு" என்று அவளே வஞ்சிரத்தைக் காட்டுகிறாள். விலை குறைவு என்பதாலேயே மதிப்பில்லாமல் போன சாப்பாடு நம்மிடம் எவ்வளவோ. வேர்க்கடலையும் அப்படித்தான். அதில் பாதிக்குப் பாதி நல்ல கொழுப்பு, கால் பங்கு புரதம். வால்நட்டுக்குக் கிலோ ஆயிரம் ரூபாய் கொடுப்பார்கள், வறுத்த கடலை என்றால் பித்தம் என்பார்கள்.

அப்பாவை இப்படி ஆக்கியதில் எங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் பங்கு உண்டு. காலையில் பெரியப்பா தேங்காய் எண்ணெய் அமிர்தம் என்று ஒரு வீடியோ அனுப்புவார். மத்தியானம் சித்தி அதே தேங்காய் எண்ணெய் விஷம் என்று ஒன்று. ரெண்டுக்கும் கீழே அப்பா கைகூப்புகிற பொம்மை போடுவார். அமிர்தமும் இல்லை, விஷமும் இல்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெயோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும், அது உண்மை. அமெரிக்க இதய சங்கம் 2017-ல் வெளிப்படையாகவே சொன்னது. அதற்காக அவியலில் இறக்கும்போது ஊற்றுகிற ஒரு ஸ்பூன் யாரையும் கொன்றுவிடாது. அளவும் ஆளும் பொறுத்தது. ஆனால் 'அளவும் ஆளும் பொறுத்தது' என்று ஒரு வீடியோ வந்தால் யார் ஃபார்வர்ட் செய்வார்கள்?

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் கேட்டார். "ரேஷன்ல குடுக்குற பாமாயில் நல்லதா கெட்டதா? டிவில கெட்டதுங்கிறாங்களே." கார்டுக்கு ஒரு லிட்டர், 25 ரூபாய். அதை வைத்துத்தான் அவர் மாதத்தை ஓட்டுகிறார். என்ன சொல்வேன்? பாதி நேர்க்குச்சி, பாதி சுள்ளி, டால்டாவைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதையே காலம் முழுக்க மூன்று வேளையும் என்றால் நல்லதில்லை, கடலை எண்ணெயும் மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கேட்டுவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. கடலை எண்ணெய் விலை அவருக்குத் தெரியாதா? பேசியிருக்கவே கூடாது என்று தோன்றியது. நம் தேங்காய் விவசாயிகள் ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்கிறார்கள், கடலைக்காரர்கள் கடலை எண்ணெய் கொடுங்கள் என்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாம் தின்கிற சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. 2022-ல் உக்ரைனில் குண்டு விழுந்தது, சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. இந்தோனேசியா ஏப்ரல் கடைசியில் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மே மாதம் இருபத்தி மூணாம் தேதி திறந்துவிடும் வரை இங்கே அப்பளம் பொரிக்கவே யோசித்தோம். எள்ளிலிருந்து வந்த நெய் என்பதால் எண்ணெய் என்று பெயர் வைத்த ஊரில்.

தெருமுனை வடைக்கடை அண்ணனிடமும் ஒருநாள் சண்டைக்குப் போனேன். சட்டியில் எண்ணெய் தார் மாதிரி கறுத்து, நுரை தள்ளிக்கொண்டிருந்தது. காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சங்கிலிகள் உடைந்து, காற்றோடு கலந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வேறு என்னவோ ஆகும். இதை அளக்க ஒரு அளவு இருக்கிறது, துருவச் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டினால் கொட்ட வேண்டும் என்று 2018 ஜூலையிலிருந்து சட்டமும் இருக்கிறது. "அக்கா, தினம் புது எண்ணெய் ஊத்துனா வடை இருபது ரூவா விக்கணும். நீங்க வாங்குவீங்களா?" என்றார். நின்றுவிட்டேன். அவர் சட்டியை அளக்க இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட வந்ததில்லையாம். மாமூலுக்கு மட்டும் வந்திருக்கிறார்கள்.

எல்லாம் போகட்டும், நாமே நல்லதாகத் தேடி வாங்குவோம் என்று மரச்செக்கு பக்கம் திரும்பினால் அங்கேயும் நெஞ்சு பதறுகிறது. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று சொல்லி வளர்த்தார்கள். கொடுக்கத் தயார், வாணியன் எங்கே? பைபாஸ் ரோட்டில் ஒரு கடை. வாகை மரச் செக்கு வாசலில் சுற்றுகிறது. கடலை எண்ணெய் லிட்டர் 200 ரூபாய் என்று பலகை. எனக்குக் கணக்குத் தெரியும், அம்மாவின் அப்பா செக்கு வைத்திருந்தவர். ஒரு லிட்டர் எடுக்க ரெண்டேகால் கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். நல்ல பருப்பு கிலோ 120 என்றே வையுங்கள், 270 ரூபாய். புண்ணாக்கு விற்று ஐம்பது வரும். மிச்சம் 220. இதில் கரண்ட் இல்லை, ஆள் கூலி இல்லை, வாடகை இல்லை, பாட்டில் இல்லை. இவர் எப்படி 200-க்குக் கொடுக்கிறார்? கேட்டேன். "மொத்தமா வாங்குறோம்மா" என்றார். உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் பதினைந்து கிலோ டின்கள் அடுக்கியிருந்தன. நான் பார்த்ததை அவர் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து ராக்கில் மஞ்சளாக இன்னொரு பாட்டில். மேலே எள்ளுப் பூ படம். நல்லெண்ணெய் என்று எடுத்தால் கீழே, நகக்கண் அளவு எழுத்தில், விளக்கேற்ற மட்டும். சமையலுக்கு அல்ல. என் அம்மா அதைப் படித்திருக்க மாட்டாள். கண்ணாடி போட்டாலும் அவளுக்கு அந்த எழுத்து தெரியாது.

கடைசியில் உறவுக்காரப் பையன் ஒருவன் எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுத்த நல்லெண்ணெய்தான் இப்போது தூக்கில் இருக்கிறது. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டியதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவிடம் உட்கார்ந்து பேசினேன். செக்கப் ரிப்போர்ட்டைக் காட்டி, டாக்டரிடம் நானே போன் செய்து கேட்டதைச் சொல்லி, நாலு பிஸ்கட்டை விட்டுவிடுங்கள், அதற்குப் பதில் ரெண்டு டீஸ்பூன் எண்ணெய் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி, ஒரு ஸ்பூன்" என்றார்.

அம்மாவுக்குக் கை ஓடவில்லை. இட்லியை வைத்து, பொடியை வைத்து, நடுவில் விரலால் குழி பறித்தாள். தூக்கைச் சாய்த்து ஊற்றினாள். அந்த வாசனை எழுந்தது. மூன்று வருஷம் கழித்து அப்பா பொடியைக் குழைத்தார், விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"எந்த எண்ணெய் இது?"

"நல்லெண்ணெய்தான்ப்பா."

"அது தெரியுது. எங்க வாங்கினது? யாரு ஆட்டினது? உள்ள வேற ஒண்ணும் கலக்கலையே?"

நான் காலி பாட்டிலை எடுத்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லேபிள் இல்லை. அந்தப் பையனுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அப்பா விரலை அப்படியே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள் அம்மா.